ஏகமனதாக

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் இரும்பு அலுமாரியில், கீழ்த்தட்டில், கூட்டக் குறிப்புக் கொப்பிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் மிகப் பழையது 1962 ஆம் ஆண்டுக்குரியது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி போரினால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதி முழுவதும் எழுந்து கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அப்போதைய செயலாளர் தம்முடைய காணி உறுதியோடு இந்தக் கொப்பிகளில் நான்கையும் ஓர் உரப்பையில் போட்டுச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனார். அவர் விட்டுச்சென்ற மற்றவை மழைக்கும் கறையானுக்கும் போயின. போருக்குப் பிறகு இரண்டு தடவை நான் அந்த நிலையத்தின் செயலாளராக இருந்திருக்கிறேன். மார்கழி விடுமுறை ஒன்றில், எஞ்சியிருக்கும் கொப்பிகள் அனைத்தையும் மேசையில் வைத்து முதற்பக்கத்திலிருந்து வாசித்தேன். கையெழுத்துகள் மாறுகின்றன, மைப்பேனா போய்க் குமிழ்முனைப் பேனா வருகிறது, தலைவர்கள் மாறுகிறார்கள், சிலருக்கு அனுதாபத் தீர்மானம் எழுதப்படுகிறது. முதற்கொப்பியிலிருந்து கடைசிக் கொப்பி வரையில் மாறாமல் வருவது ஒரு தொடர்: "என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

பொதுக்கிணற்றைத் தூர்வாரியது ஏகமனதாக. வாசிகசாலைக்கு எந்தப் பத்திரிகைகளை எடுப்பது என்பது ஏகமனதாக. 1968 இல், மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதியாரின் கோயில் நுழைவுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த மாதங்களில், "வாசிகசாலைக்குள் அரசியல் கதைப்பதைத் தவிர்த்தல்" என்று ஒரு தீர்மானம் இருக்கிறது, அதுவும் ஏகமனதாக. முப்பது நாற்பது பேர் கூடும் ஓர் அறையில், இத்தனை ஆண்டுகளில் ஒருவர்கூட "எனக்கு இதில் உடன்பாடில்லை" என்று சொல்லவில்லை என்று இந்தக் கொப்பிகள் நம்பச் சொல்கின்றன. எங்கள் ஊரை அறிந்த எவரும் அதை நம்பமாட்டார்கள். எல்லை வேலிக் கதியால் ஒன்றுக்காக மூன்று தலைமுறை நீதிமன்றம் ஏறிய குடும்பங்கள் இருக்கும் ஊர் இது.

அந்தத் தொடரை நானும் எழுதியிருக்கிறேன். ஒரு தடவை, அது உண்மையல்ல என்று தெரிந்துகொண்டே எழுதினேன்.

ஊரின் தெற்கு எல்லையில் ஆலமரத்தடியில் ஒரு வைரவர் கோயில் இருக்கிறது. என் சிறுவயதில் அது ஒரு சூலமும் அதன்முன் ஒரு கல்லும் மாத்திரமே. மரத்தைச் சுற்றியிருந்த பதினைந்து இருபது குடும்பங்களே அதன் உரிமைக்காரர். ஊரின் மற்றப் பாதி அவர்களைத் தன் வீட்டு முற்றத்தோடு நிறுத்திவைத்திருந்த காலத்திலும் அந்த மரத்தடி அவர்களுடையதாகவே இருந்தது. பூசாரியும் அவர்களுள் ஒருவர். வைகாசியில் ஒரு நாள் மடை பரவிப் பொங்கி, நேர்த்திக் கடாக்களைப் பலியிடுவார்கள். அதை நாங்கள் வேள்வி என்போம். எட்டு வயதில் ஒரு தடவை அம்மாவுக்குத் தெரியாமல் பார்க்கப் போனேன். கழுத்தில் மாலை போட்ட கறுத்தக் கடா ஒன்றின்மேல் மஞ்சள் தண்ணீரைத் தெளித்துவிட்டு எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்து நின்றார்கள். கடா தலையைச் சிலுப்பினால் சம்மதம் என்று அர்த்தமாம். ஈரம் பட்ட எந்த ஆடும் சிலுப்பும் என்பது எட்டு வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. அது சிலுப்பியது; கூட்டம் ஆரவாரித்தது; நான் ஓடி வந்துவிட்டேன். இன்றுவரை நான் இறைச்சி உண்பதில்லை. உயிர்ப்பலி நின்றுபோக வேண்டும் என்பதே அன்றும் இன்றும் என் நிலைப்பாடு.

2009 இன் பின்னர் வெளிநாட்டுப் பணம் ஊருக்குள் வரத்தொடங்கியது. சூலம் இருந்த இடத்தில் மூலஸ்தானமும் முன்மண்டபமும் எழுந்தன. பரிபாலன சபை ஒன்று பதிவுசெய்யப்பட்டது. பூசாரி நின்ற இடத்துக்கு ஐயர் வந்தார். 2011 இல் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிக்கப்பட்டதும், ஆகம முறைப்படி பிரதிட்டை செய்யப்படும் கோயிலில் வேள்வி தொடரலாமா என்ற கேள்வி வந்தது. குடாநாட்டின் எத்தனையோ மரத்தடித் தெய்வங்களுக்கு இதே வரிசையில் இதே மாற்றங்கள் நடந்திருக்கின்றன. எங்கள் ஊரில் நடந்தது புதினமல்ல. மண்டப வேலை முடியாதிருந்ததால் கூட்டம் சனசமூக நிலையத்தில் வைக்கப்பட்டது. குறிப்பெடுக்கும் பொறுப்பு என்னுடையது.

உள்ளே முப்பதுக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். மேசையில் ஒரு மடிக்கணினி. அதில் ஸ்கைப் வழியாக ரொறன்ரோவிலிருந்து திருப்பணிக்குப் பெருந்தொகை கொடுத்த ஒருவர். குரல் விட்டுவிட்டுக் கேட்டபோதெல்லாம் எல்லோரும் பேச்சை நிறுத்தி, அவர் சொன்னதைத் திரும்பச் சொல்லும்படி கேட்டார்கள். மரத்தடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் வெளியே வேப்பமரத்தின் கீழ் நின்றார்கள். அவர்கள் நிலையத்தின் அங்கத்தவர்களல்லர். அங்கத்தவராகும்படி அவர்களை யாரும் கேட்டதுமில்லை. கூட்டம் தொடங்கிக் கால்மணி நேரத்தில், பழைய பூசாரியின் மனைவி யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நான் ஒரு சொல்லுச் சொல்லலாமோ?" என்று கேட்டார். தலைவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "அங்கத்தவர்கள் மட்டும் கதைக்கிற கூட்டம், ஆச்சி. முடிஞ்ச பிறகு உங்களோடை கதைப்பம்." உள்ளேயிருந்தவர்களில் ஓய்வுபெற்ற தபாற்காரர் ஒருவர் மாத்திரம் எழுந்து, "அவையளின்ர கோயில், அவையளை உள்ளுக்குக் கூப்பிட்டுக் கேட்டால் என்ன குறைஞ்சுபோகும்?" என்றார். யாரும் அவருக்கு மறுமொழி சொல்லவில்லை. அடுத்த விடயத்துக்குப் போனார்கள். பலி நிறுத்தப்பட வேண்டும் என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்று நான் எழுதினேன். முன்மொழிந்தவர் பெயரும் வழிமொழிந்தவர் பெயரும் எழுதினேன். தபாற்காரரின் பெயரை எழுதவில்லை. நான் விரும்பிய முடிவு வந்துவிட்ட மகிழ்ச்சியில், அது வந்த விதம் எனக்கு அன்று ஒரு பொருட்டாகவே படவில்லை.

மறுநாள் நான் படிப்பிக்கும் பாடசாலைக்குப் போகும் வழியில் ஆச்சி தன் படலையில் நின்று என்னை மறித்தார். "பிள்ளை, என்ர மூத்தவனுக்கு நெருப்புக்காய்ச்சல் கண்டு கிடந்த நேரம் நான் வைரவருக்கு வைச்ச நேத்தி இது. ஆயுள் மட்டும் செய்வன் எண்டு சொல்லி வைச்சது. அதை நீங்கள் கொப்பியிலை எழுதி அழிக்கேலுமே?" அவருடைய மூத்த மகன் போரின் கடைசி மாதங்களில் இறந்துவிட்டவர். நேர்த்தி அவரோடு போய்விடவில்லை என்பதே ஆச்சியின் வாதம். அதற்கு மறுமொழி சொல்ல முடியாதென்றில்லை. நேர்த்தியைப் பொங்கலாக மாற்றிக்கொள்ளலாம், கடாவை வெட்டாமல் நேர்ந்துவிடலாம் என்றெல்லாம் எத்தனையோ சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வாதம் கூட்டத்தில் சொல்லப்படவேயில்லை என்பதால், மறுமொழியும் சொல்லப்படவில்லை. அந்த வைகாசியில் கோயிலில் பொங்கல் நடந்தது. அன்றிரவு வளவுகளுக்குள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்க்காத கடாக்கள், அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் வெட்டப்பட்டன. அதன் பிறகு இரண்டு மூன்று வருடம் ஊரின் ஒரு பாதி மற்றப் பாதியின் செத்தவீட்டுக்குப் போகவில்லை.

ஒரு சமூகம் அறம் சார்ந்த பிணக்கொன்றில் எந்த முடிவுக்கு வந்தது என்று கேட்பதற்கு முன்னர், தோற்ற தரப்பின் சொல்லை அது என்ன செய்தது என்று நான் கேட்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அந்தக் கேள்வியோடு யாழ்ப்பாணத்தின் பொது வாதங்களைத் திரும்பிப் பார்த்தால், நாங்கள் பெருமையோடு சொல்லும் சில கதைகளின் வடிவம் மாறுகிறது.

முதலில் பெருமைக்குரியதைச் சொல்லவேண்டும். 1841 இல் அமெரிக்க மிஷனரிமார் உதயதாரகைப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். 1847 டிசம்பர் 31 ஆம் திகதி ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற்பிரசங்கத்தைச் செய்தார். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர் அவர். எதிர்த்தரப்பு எப்படிப் பேசுகிறது, எந்த நூலை எடுத்துக் காட்டுகிறது, சனங்களை எப்படிக் கூட்டுகிறது என்பதையெல்லாம் உள்ளே நின்று கற்றுக்கொண்டு, அதே ஆயுதங்களைச் சைவத்தின் பக்கம் திருப்பினார். 1854 இல் வந்த அவருடைய சைவதூஷண பரிகாரம், சைவத்தின்மேல் சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளை எடுத்துக்கொண்டு, அதே வழக்கம் விவிலியத்திலும் இருக்கிறதே என்று காட்டும் நூல். பின்னர் 1876 இல் கத்தோலிக்கரின் பாதுகாவலன், 1889 இல் சைவ பரிபாலன சபையின் இந்துசாதனம் என்று ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு பத்திரிகை அமைந்தது. மொழி சுடுவதாக இருந்தது, வசைக்கும் குறைவில்லை. ஆயினும் மறுப்பதற்கு முன் மற்றவர் சொன்னதை எடுத்து அச்சில் வைக்கவேண்டும் என்ற ஒழுங்கு இரு பக்கத்திலும் இருந்தது. அந்த ஒழுங்கு அச்சுயந்திரத்தோடு வந்திறங்கியதன்று. சைவ சித்தாந்த நூலான சிவஞானசித்தியார் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாக இருக்கிறது. பிறர் மதங்கள் என்ன சொல்கின்றன என்பதைப் பரபக்கத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லி மறுத்த பிறகே அருணந்தி சிவாசாரியார் தம் பக்கத்துக்கு வருகிறார். அந்த வழியில் படித்தவர்கள்தாம் உதயதாரகைக்கு மறுப்பெழுதினார்கள். அதனால்தான் இன்று நாம் இரு தரப்பையும் வாசித்து, யார் எங்கே சறுக்கினார் என்று நாமே பார்த்துக்கொள்ள முடிகிறது.

அந்த வாதத்துக்குள்ளும் வராதவர்கள் இருந்தார்கள். நாவலர் பிரசங்கித்த மண்டபத்துக்குள் நுழைய முடியாத சாதியார் குடாநாட்டின் சனத்தொகையில் சிறுபகுதியல்லர். சிறுதெய்வங்களுக்கு உயிர்ப்பலியிடுவதை நாவலர் கடுமையாகக் கண்டித்தார். பலியிட்டவர்கள் தங்கள் பக்கத்தைச் சொல்ல அவர்களிடம் பத்திரிகையும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. எங்கள் வாசிகசாலையில் 2011 இல் நடந்தது, நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னர் தொடங்கிய வாதத்தின் அதே பாதிதான். பரபக்கம் இல்லாத சுபக்கம்.

வாக்குரிமை பற்றிய கதையை எங்கள் ஊர்களில் அதிகம் பேசுவதில்லை. 1927 இன் இறுதியில், புதிய யாப்பை ஆராயப் பிரித்தானியா அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு வந்தபோது, இலங்கையின் சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேரளவுக்கே வாக்குரிமை இருந்தது. ஆணைக்குழுவின் அறிக்கை சர்வசன வாக்குரிமையை நோக்கிப் போனபோது, அதை வெளிப்படையாக எதிர்த்தவர்களுள் சேர் பொன்னம்பலம் இராமநாதன் முதன்மையானவர். மகளிருக்குக் கல்லூரி கட்டியவர் மகளிருக்கு வாக்கு வேண்டாம் என்றார்; எல்லாச் சாதியாருக்கும் வாக்குக் கொடுப்பது சமூக ஒழுங்கைக் குலைக்கும் என்றார். அந்த வாதம் எனக்குச் சினமூட்டுகிறது. ஆனால் அவர் அதை ஒளிக்கவில்லை. எழுதினார், சட்டநிரூபண சபையில் பேசினார், முதிர்ந்த வயதில் கப்பலேறி இலண்டன் வரை போய்ச் சொன்னார். பெயரோடும் காரணத்தோடும் சொல்லப்பட்டதால் அது தோற்கடிக்கப்படக்கூடியதாக இருந்தது.

இதே காலத்தில்தான் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் எழுந்தது. ஹன்டி பேரின்பநாயகமும் அவருடைய தோழர்களும் சாதி வேறுபாட்டை எதிர்த்தார்கள். காந்தியை 1927 நவம்பரில் யாழ்ப்பாணத்துக்கு அழைத்துவந்தார்கள். பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக வாங்கில் இருத்தவேண்டும் என்ற சம ஆசன விதி வந்து, அதற்கெதிராக ஊர்களில் பாடசாலைக் கொட்டகைகள் எரிக்கப்பட்ட ஆண்டுகள் அவை. காங்கிரஸ் வாங்கின் பக்கம் நின்றது. அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் 1931 இல், டொனமூர் யாப்புப் பூரண சுயராச்சியத்தைத் தரவில்லை என்பதற்காக, அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி அவர்கள் அழைத்தார்கள். அந்த ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்யாய வந்திருந்தார். உணர்ச்சி உச்சத்தில் இருந்தது. போட்டியிட நினைத்தவர்களும் பின்வாங்கினார்கள். மே 4 ஆம் திகதி வேட்புமனு நாளன்று யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒரு மனுகூடத் தாக்கலாகவில்லை. ஏகமனது என்றால் இதுதான் ஏகமனது. தெற்கு இந்த வழியில் வரவில்லை. நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன.

அந்தப் பகிஷ்கரிப்பைப் பற்றி எழுதுபவர்கள் அது அரசியலில் சரியா தவறா என்றே விவாதிக்கிறார்கள். என் மனம் வேறிடத்தில் நிற்கிறது. 1931 தேர்தல், இந்தத் தீவில் பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியாரும் வாக்களிக்கக்கூடிய முதற்பொதுத்தேர்தல். குடாநாட்டில் அந்த வாக்கு மூன்று வருடம் பிந்தியது. பகிஷ்கரிப்போம் என்று முடிவெடுத்த மேடைகளில், முதன்முதலாக வாக்குப் பெற்றிருந்த அவர்களில் எத்தனை பேரிடம் "நீங்கள் உங்கள் முதல் வாக்கை விட்டுக்கொடுக்கச் சம்மதமா?" என்று கேட்கப்பட்டது? என் அம்மம்மாவின் தாய் 1934 இல்தான் முதன்முதலாக வாக்களித்தார். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி வைத்திருந்ததையும், தான் எந்த நிறப் பெட்டிக்குள் போட்டார் என்பதையும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். மூன்று வருடம் முன்னர் கேட்டிருந்தால், சுயராச்சியத்துக்காகக் காத்திருக்கலாம் என்று அவர் சொல்லியிருக்கவும் கூடும். அவரை யாரும் கேட்கவில்லை.

1957 இல் சமூகக் குறைபாடுகளை ஒழிக்கும் சட்டம் வந்து, சாதி காரணமாக ஒருவரைக் கோயிலுக்குள் விடாமல் தடுப்பது குற்றமாயிற்று. சட்டம் வந்ததால் கதவு திறந்துவிடவில்லை. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சத்தியாக்கிரகிகள் அமர்ந்தார்கள், தாக்கப்பட்டார்கள். வாசலில் எதிர்த்து நின்றவர் ஒரு கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர், அடங்காத் தமிழர் என்று பெயரெடுத்த சி. சுந்தரலிங்கம். அவர்மேல் வழக்குத் தொடரப்பட்டு அது இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. அவர் என்ன சொன்னார் என்பது சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. வாசலில் அமர்ந்திருந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைத் தேடிப் போனால், இயக்கத்தவர்களின் வெளியீடுகளிலும் நினைவுக் குறிப்புகளிலும்தான் தேடவேண்டியிருக்கிறது.

எங்கள் நிலையம் அதே மாதங்களில்தான் "அரசியல் கதைப்பதைத் தவிர்த்தல்" என்று தீர்மானித்தது. அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவர், தொண்ணூறை நெருங்கிய வயதில், எனக்குச் சொன்னார்: "ஒருத்தரும் கோயில் நுழைவு பிழையெண்டு சொல்லேல்லைப் பிள்ளை. இது அதுக்குரிய நேரமில்லை எண்டுதான் சொன்னவை." நான் இதுவரை கேட்ட எல்லா வாதங்களிலும் அதுவே மிக வலிமையானது என்று நினைக்கிறேன். பிழை என்று சொல்பவரோடு வாதாடலாம். நேரமில்லை என்பவர் உங்களோடு உடன்படுகிறார். உடன்பட்டுக்கொண்டே கதவைச் சாத்துகிறார். சிங்களம் மட்டும் சட்டம் வந்திருக்கும்போது சாதியைப் பேசும் நேரமில்லை. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்திருக்கும்போது சீதனத்தைப் பேசும் நேரமில்லை. போர் நடக்கும்போது எதையும் பேசும் நேரமில்லை. பேரினவாதத்தின் அடி உண்மையானது. 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாண நூலகத்தின் 97,000 நூல்களும், அதே நாட்களில் எரிந்த ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் கற்பனையல்ல. வெளியிலிருந்து அடிவிழும் வீட்டுக்குள் சண்டை வேண்டாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த வீட்டுக்குள்ளேயே திண்ணையில் இருத்தப்பட்டவருக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும்?

"நேரமில்லை" என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சொல் வளர்ந்தது: துரோகி. எழுபதுகளின் மேடைகளில் கைதட்டலுக்காகச் சொல்லப்பட்டது, 1975 ஜூலை 27 இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுடப்பட்டபோது வேறு பொருள் பெற்றது. அதற்குப் பின்னர் ஒரு கருத்தை மறுக்கவேண்டிய தேவை இல்லாமற்போயிற்று. கருத்தைச் சொன்னவருக்குப் பெயர் சூட்டினாற் போதும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜினி திராணகம, எல்லாத் தரப்பின் கொடுமைகளையும் பதிவுசெய்து மூவரோடு சேர்ந்து முறிந்த பனை என்ற நூலை எழுதியவர். 1989 செப்ரெம்பர் 21 அன்று, சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். நான் அப்போது மாணவி. மறுநாள் வகுப்பில் யாரும் அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. பயத்தில் என்று மட்டும் சொல்வது முழு உண்மையாகாது. எங்களுக்கு அதற்குள் கதைக்காமலிருப்பது பழகிவிட்டிருந்தது.

அடுத்த ஆண்டு ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அது சரியா என்று குடாநாட்டில் ஒரு கூட்டம் நடக்கவில்லை. முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவில் எங்கள் வீட்டுக்குத் துணி தைத்துத் தந்தவர் எங்கே போனார் என்றுகூட நாங்கள் வெளியில் கேட்டுக்கொள்ளவில்லை. இன்று அந்த வெளியேற்றத்தைப் பற்றித் தமிழர்கள் கூடிப் பேசும் அரங்குகள் நடக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு நான் போயிருக்கிறேன். ஓர் அரங்கில் ஐந்து பேச்சாளர்களும் தமிழர்கள். முஸ்லிம் பாடசாலையான உஸ்மானியாக் கல்லூரி அந்த மண்டபத்திலிருந்து நடந்து போகும் தூரம்.

எங்களுக்குப் பேசத் தெரியாதென்று ஒருவரும் சொல்ல முடியாது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் எத்தனை பட்டிமன்றங்கள், வழக்காடு மன்றங்கள், சுழலும் சொற்போர்கள். நான் அவற்றை விரும்பிக் கேட்பவள். ஆனால் அங்கே தரப்பு குலுக்கிக் கொடுக்கப்படுகிறது, தீர்ப்பை நடுவர் சொல்கிறார், சபை கைதட்டிவிட்டுக் கச்சான் வாங்கப் போகிறது. மணிமேகலையின் விழாவறை காதையில் பட்டிமண்டபத்துக்கு அழைக்கப்படுபவர்கள் தத்தம் சமயப் பொருளுக்காகவே வாதிடுபவர்கள். பகைவரோடும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. தான் உண்மையாகவே நம்புவதை, அதை வெறுப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லி, பின்னர் அவரோடு அதே ஒழுங்கையால் வீட்டுக்கு நடந்து போகும் பயிற்சி பட்டிமன்றத்தில் கிடைப்பதில்லை.

2017 இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் ஆலயங்களில் மிருகபலிக்குத் தடை விதித்தபோது எங்கள் ஊரில் சிலர் மத்தாப்புக் கொளுத்தினார்கள். நீதிமன்றம் தன் வேலையைச் செய்தது. ஊர் தன் வேலையைச் செய்யாமல் விட்டதால்தான் அது நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது என்பது என் எண்ணம். அடுத்த ஆண்டு வரணிப் பகுதியில் ஓர் அம்மன் கோயிலின் தேரை மண்வெட்டும் இயந்திரத்தால் இழுத்த படம் எங்கும் பரவியது. ஒடுக்கப்பட்ட சாதியார் வடம் பிடிக்கக்கூடாதென்பதற்காகவே இயந்திரம் வந்தது என்றார்கள் ஒரு சாரார். இழுக்க ஆள் போதவில்லை என்றார்கள் மறு சாரார். மஞ்சள் நிற இயந்திரக் கை, வடம், பின்னால் சோடித்த தேர். மனிதர் பிடிக்கவேண்டிய வடத்தை இயந்திரத்திடம் கொடுத்தால், யார் பிடிக்கலாம் என்று ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லை.

ஆச்சி 2019 இல் இறந்துபோனார். செத்தவீட்டுக்கு இரண்டு பாதியும் போனோம். அதன் பின்னர், நான் இரண்டாம் தடவை செயலாளராக இருந்தபோது, அவருடைய மகள் ஒருநாள் பின்னேரம் நிலையத்துக்கு வந்தார். "ரீச்சர், 2011 கொப்பியை ஒருக்காப் பார்க்கலாமே? அம்மா அண்டைக்கு யன்னலுக்குள்ளாலை கேட்டவ எண்டு சொல்லுவா. அது எழுதியிருக்கோ எண்டு பார்க்க." நான் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் விரலால் வரிவரியாகத் தொட்டு வாசித்தார். என் கையெழுத்து தெளிவானது. வாசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. பிறகு கொப்பியை மூடி என்னிடம் தந்துவிட்டு, "இல்லை" என்று மட்டும் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்கு எதுவும் சொல்லவில்லை.

அந்த ஆண்டு மரத்தடிக் குடும்பங்களில் பதினொரு பேர் சந்தா கட்டி அங்கத்தவரானார்கள். பரிபாலன சபைத் தேர்தலில் அவர்களும் நிற்கலாம் என்று விதியைத் திருத்தும் பிரேரணை அடுத்த பொதுக்கூட்டத்துக்கு வந்தது. மூன்று மணித்தியாலம் கதைத்தோம். சத்தம் இருந்தது, ஒருவர் கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே போய்த் திரும்பி வந்தார். வாக்கெடுப்பில் பிரேரணை 14 க்கு 17 என்று தோற்றது. இந்த முறை நான் யார் எதை, என்ன காரணம் சொல்லி ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று பெயரோடு ஐந்து பக்கம் எழுதினேன். "இதையெல்லாம் எழுதவேணுமே? வெளிநாட்டுப் பிள்ளையள் பார்த்தால் என்ன நினைப்பினம்?" என்று தலைவர் கேட்டார். எழுதவேண்டும் என்றேன்.

அடுத்த கூட்டத்தில் குறிப்பை வாசித்தபோது, பிரேரணையை எதிர்த்த முதியவர் ஒருவர் கையை உயர்த்தினார். "நான் அவையள் வரக்கூடாதெண்டு சொல்லேல்லை. கும்பாபிஷேகக் கடன் தீரும் மட்டும் சபையை மாத்தவேண்டாம் எண்டுதான் சொன்னனான். அதைத் திருத்தி எழுதுங்கோ." அவர் சொன்னபடியே சிவப்பு மையால் திருத்தினேன், ஓரத்தில் ஒப்பமிட்டார். ஆச்சியின் மகள் எழுந்து, அப்படியானால் கடன் எப்போது தீரும் என்று ஐயா சொல்லவேண்டும், அதையும் எழுதவேண்டும் என்றார். முதியவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, இரண்டு வருடம் என்றார். அதையும் எழுதினேன். கூட்டம் முடிந்து எல்லோரும் போன பின்னர் ஆச்சியின் மகள் மேசைக்கு வந்து, கைத்தொலைபேசியை எடுத்து, திகதியும் பக்க எண்ணும் தெரியும்படியாக அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டார்.